படர்தாமரையிலிருந்து குளத்து மூக்குச்சதை வரை: பங்கசுத் தொற்றுகளின் அடிப்படை

கேள்வி இதுதான்: கிளிநொச்சிப் பக்கத்தில் வயல் செய்யும் ஒருவருக்கு அரையிலும் தொடையிடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படை வந்திருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த கிறீமைப் பூசினால் இரண்டு மூன்று நாளில் கடி அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிட அகலமாகத் திரும்பி வருகிறது. இடையில் யாரோ கொடுத்த அன்ரிபயோட்டிக் குளிசையாலும் பயன் இல்லை. பங்கசு (பூஞ்சை) என்றால் என்ன, அது பற்றீரியாவிலிருந்து எவ்விதம் வேறுபடுகிறது, வன்னியில் இருப்பவர்கள் எந்தெந்தப் பங்கசு நோய்களைக் கவனிக்க வேண்டும் என்று அவருடைய மகன் கேட்கிறார். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் தோல் சுரண்டல்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே என் தொழிலாக இருந்ததால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, முதலில் உங்கள் அப்பாவின் விடயம். நீங்கள் விவரிக்கும் போக்கைப் பார்த்தால் அந்தக் கிறீமில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ரியூப்பின் மேல் பீற்றாமெதசோன், குளோபீற்றசோல் போன்ற ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீரொயிட் பங்கசைக் கொல்வதில்லை; பங்கசுக்கு எதிராக நம் தோல் காட்டும் எதிர்ப்பை அடக்குகிறது. கடியும் சிவப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள் என்பதால், அவை மறைந்தவுடன் நோய் மாறுவதாகத் தோன்றும். உள்ளே பங்கசு தடையின்றிப் பெருகிக்கொண்டிருக்கும். பூசுவதை நிறுத்தியதும் தோல் விழித்துக்கொள்ள, பரவியிருந்த முழு இடமும் ஒரேயடியாகச் சிவக்கும். தொடர்ந்து பூசியவர்களின் படையில் வட்ட விளிம்பே அழிந்துபோய், அனுபவமுள்ள வைத்தியரும் வேறு நோயென்று எண்ணும் அளவுக்கு உருமாறிவிடுவதுண்டு. தொடையிடுக்கில் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் காணப்படுவது போன்ற வரிகள் விழுந்துவிடும். அவை பிறகு மறைவதில்லை.

அன்ரிபயோட்டிக் ஏன் பயன்படவில்லை என்பதற்கு விடை பங்கசின் கலத்திலேயே இருக்கிறது. பற்றீரியாவின் கலத்தில் மென்சவ்வால் சூழப்பட்ட கரு கிடையாது. பங்கசின் கலத்தில் அத்தகைய கருவும், சக்தியை ஆக்கும் இழைமணிகளும் உண்டு. உயிரினங்களின் உறவுமுறையில் அது மரஞ்செடிகளைவிட விலங்குகளுக்கே, அதாவது நமக்கே, நெருக்கமானது. பெனிசிலின் வகை மருந்துகள் பற்றீரியாவின் கலச்சுவரைத் தாக்குகின்றன; அந்தச் சுவரின் பொருள் பங்கசில் இல்லை. பங்கசின் சுவர் கைற்றின், குளுக்கன் என்ற மாச்சத்து வகைகளால் ஆனது. நம் கலமென்சவ்வில் கொலஸ்திரோல் இருக்கும் இடத்தில் பங்கசில் எர்கொஸ்திரோல் என்ற வேறொரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. நமக்கும் அதற்கும் உள்ள பெரிய வேறுபாடுகள் இவ்வளவுதான் என்பதால், நம் கலத்தைத் தொடாமல் பங்கசை மட்டும் கொல்லும் மருந்துகள் சிலவே உள்ளன. அன்ரிபயோட்டிக் இங்கே பயனற்றது என்பதோடு நின்றுவிடுவதும் இல்லை: நம் வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் பங்கசைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நல்ல பற்றீரியாக்களை அது அழித்து, பங்கசுக்கு இடம் ஒழித்துக் கொடுத்துவிடுகிறது.

வடிவத்தைப் பொறுத்தவரை பங்கசுகள் மூன்று விதமாக நமக்கு முன் வருகின்றன. தனிக்கலமாக இருந்து அரும்பிப் பெருகுவது மதுவம். அப்பத்துக்கு மா புளிக்க வைப்பதும் ஒரு மதுவமே. நூல்நூலாக நீண்டு கிளைத்து வித்திகளைத் தூவுவது பூஞ்சணம். மழைக்காலத்தில் தோற்செருப்பிலும் பழைய பாணிலும் காண்பது அது. மூன்றாவது வகை மண்ணில் 25 பாகை வெப்பத்தில் பூஞ்சணமாகவும் உடலின் 37 பாகையில் மதுவமாகவும் உருமாறக்கூடியது; உள்ளுறுப்புகளைத் தாக்கும் சில கொடிய பங்கசுகள் இந்தச் சாதி. பச்சையம் இல்லாததால் பங்கசு தன் உணவைத் தானே ஆக்க முடியாது. நொதியங்களை வெளியே சுரந்து, எதன்மேல் இருக்கிறதோ அதைக் கரைத்து உறிஞ்சுகிறது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருந்தும் மனிதருக்கு நோய் தருபவை சில நூறுதான். பெரும்பாலானவற்றால் நம் உடற்சூட்டில் வளர முடியாது என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். மற்றக் காரணம் நம் நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோய் எதிர்ப்பாற்றல். ஆகவே ஒரு பங்கசு நோயைப் பற்றி யோசிக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு: அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? யாருடைய உடலில் இருக்கிறது?

மிக மேலே இருப்பது தேமல். மலசேசியா என்னும் மதுவம் எல்லோர் தோலிலும் எண்ணெய்ப்பசையை உண்டு வாழ்கிறது. வியர்வையும் வெக்கையும் கூடும்போது அது மிகுந்து நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிய அல்லது கபில நிறத் திட்டுகளை உண்டாக்குகிறது. இது சுத்தக் குறைவால் வருவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று பயப்படவும் வேண்டியதில்லை. மருந்தால் மதுவம் அடங்கிய பிறகும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும் என்பதை அறியாமல் பலர் மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வெளிறிய திட்டில் தொடுகை, சூடு, நோவு தெரியாவிட்டால் அதைத் தேமலென்று விடக் கூடாது. அது தொழுநோயாக இருக்கலாம். இலங்கையில் தொழுநோய் இன்னும் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கான மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்.

அடுத்தது உங்கள் அப்பாவின் படர்தாமரை. தோலின் இறந்த மேற்படை, முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரற்றின் என்ற புரதத்தைத் தின்று வாழும் ஒரு கூட்டம் பங்கசுகள் இதற்குக் காரணம்; ட்ரைக்கோபைட்டன், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டன் என்பவை அவற்றின் பேரினங்கள். காய்ந்த புல்வெளியில் வைத்த தீ நடுவில் அணைந்து விளிம்பில் மட்டும் எரிந்துகொண்டு நகர்வதைப் போல, பங்கசு வெளிநோக்கிப் போகப்போக நடுத்தோல் தெளிந்து விளிம்பு மட்டும் செதிளும் சிறு பருக்களுமாக நிற்கிறது. அதனால்தான் பரிசோதனைக்குச் சுரண்டும்போது நடுவை விட்டு விளிம்பைச் சுரண்டுகிறோம்.

அந்தப் பரிசோதனை எளிமையானது. மழுங்கிய கத்தி விளிம்பால் சுரண்டி எடுத்த செதிள்களைக் கண்ணாடித் துண்டில் வைத்து, 10 முதல் 20 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு துளி விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடிக் காத்திருக்க வேண்டும். கரைசல் தோற்கலங்களைக் கரைத்துவிடும்; கைற்றின் சுவர் உள்ள பங்கசை அதனால் கரைக்க இயலாது. சிறிது நேரம் கழித்து வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால், மங்கலான பின்னணியில் இலேசான பச்சைச் சாயலோடு ஒளிரும் மெல்லிய இழைகள் கலங்களின் எல்லைகளைக் குறுக்கறுத்துக்கொண்டு ஓடுவது தெரியும். இடையிடையே குறுக்குச்சுவர்கள் இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் துணியின் நூலையும் கலங்களின் ஓரங்களையும் பங்கசென்று எண்ணிவிடுவார்கள். நூலுக்குக் குறுக்குச்சுவர் இல்லை, கலத்தின் ஓரம் அடுத்த கலத்துக்குள் புகுந்து போவதில்லை. இந்த இரண்டையும் பார்த்தால் போதும். பங்கசுக் கிறீம் பூசிக்கொண்டிருப்பவரின் சுரண்டலில் இழை அகப்படாமல் போகலாம் என்பதால் எப்போது, என்ன பூசினீர்கள் என்று கேட்போம். மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காலபோகத்தில் நாள் முழுவதும் வரம்பிலும் சேற்றிலும் நிற்பவர்களின் கால்விரல் இடுக்குகள் ஊறி வெளுத்து வெடிப்பதைச் சேற்றுப்புண் என்கிறோம். அதில் பங்கசோடு பற்றீரியாவும் கலந்திருப்பது வழக்கம். அந்த வெடிப்பு வழியாகப் பற்றீரியா உள்ளே போய்க் கால் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அப்போது அன்ரிபயோட்டிக் தேவைதான். சலரோகம் உள்ளவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. வயலிலிருந்து வந்ததும் கழுவுவதை எல்லோரும் செய்கிறார்கள். விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சாரம், உள்ளாடை, துவாய் ஆகியவற்றை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஒருவரின் துவாயை இன்னொருவர் பாவிக்காமல் இருப்பதும், வீட்டில் வேறு யாருக்கும் படை இருந்தால் ஒரே காலத்தில் வைத்தியம் செய்வதும் மருந்தைப் போலவே அவசியமானவை. அப்பாவுக்கு மாறி அம்மாவுக்கு மாறாவிட்டால் அது ஒரு மாதத்தில் மறுபடி அப்பாவிடம் வந்து சேரும்.

பிள்ளைகளின் தலையில் முடி ஒடிந்து திட்டாகச் செதிள் விட்டால் அது தலைப்படை. பூனைக்குட்டி, நாய்க்குட்டியிலிருந்து தொற்றும் வகையும் உண்டு. முடியின் வேருக்குள் பங்கசு இருப்பதால் பூச்சு மருந்து போதாது. வாய்வழி மருந்து பல வாரம் கொடுக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது சீழ்க்கட்டி போல வீங்கி நிற்கும். அதை வெட்டித் திறக்கக் கூடாது. நகப்பங்கசுக்கும் பூச்சால் பெரும்பயன் இல்லை. டேர்பினபின் என்ற பங்கசு மருந்துக் குளிசையைக் கைநகத்துக்கு 6 வாரமும் கால்நகத்துக்கு 12 வாரமும் கொடுப்பது வழமை. பழுதான கால்நகம் முழுவதும் வளர்ந்து வெளியேற ஒரு வருடத்துக்கு மேல் செல்லும்.

தோற்படைக்குக் குளோற்றிமசோல், மைக்கொனசோல் அல்லது டேர்பினபின் தனியாக உள்ள பூச்சை, விளிம்புக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்துப் பூச வேண்டும். படை மறைந்த பின்னும் ஓரிரு வாரம் தொடர வேண்டும். அகலப் பரவியிருந்தாலும், உங்கள் அப்பாவைப் போல ஸ்டீரொயிட் பூசிக் கெட்டிருந்தாலும், குளிசை தேவைப்படும். அதைத் தோல் நோய் நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும். அண்மைக் காலத்தில், 2020 இல் தனிப்பெயர் பெற்ற ட்ரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்ற இனம் இந்தியாவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அந்த இனத்தால் வரும் படைகள் பலவற்றுக்கு டேர்பினபின் வேலை செய்வதில்லை. ஸ்டீரொயிட் கலந்த மலிவுக் கிறீம்கள் தாராளமாகப் புழங்கியது அந்தப் பரவலுக்குத் துணைபோனது என்பது தோல் வைத்தியர்கள் பலரின் கருத்து. என் கருத்தும் அதுவே.

கன்டிடா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் உடலிலேயே குடியிருக்கும் மதுவம் அது. கைக்குழந்தையின் வாயில் துடைத்தால் சிவந்து கிடக்கும் வெள்ளைப் படலம், தயிர் திரண்டது போன்ற வெள்ளைபடுதலோடு கடி, மார்பின் கீழும் தொடையிடுக்கிலும் சிவந்து ஊறும் தோல், எந்நேரமும் தண்ணீரில் கை வைப்பவர்களின் நகச்சுற்று ஆகியவை அதன் வேலை. பெரியவர் ஒருவருக்கு இவை திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். பல தடவை சலரோகம் இருப்பதே இப்படித்தான் வெளிப்படுகிறது.

தோலுக்குக் கீழே போகும் பங்கசுகள்தான் வன்னிக்காரருக்குச் சொந்தமான விடயம். அவை மண்ணிலும் உக்கிய மரத்திலும் இருக்கின்றன. முள், பனங்கருக்கு, மரச்சிராய் குத்தும்போது உள்ளே போகின்றன. காடு வெட்டியும் வேலி அடைத்தும் வெறுங்காலோடு திரிந்தவர்களுக்கு, குத்தியது நினைவில்லாத அளவு காலம் கழித்து, பாதத்தில் நோவில்லாத கட்டி ஒன்று தோன்றும். பிறகு அது பரந்து, துவாரங்கள் திறந்து, சீழோடு கறுப்பு, வெள்ளை அல்லது சிவப்பு மணிகள் வெளிவரும். மதுரையில் பணியாற்றிய கில் என்ற வைத்தியர் 1842 இல் விவரித்ததால் இதற்கு மதுரைக் கால் என்றும் பெயர். உலக சுகாதார நிறுவனம் இதை 2016 இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இதில் வைத்தியத்தையே மாற்றும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் சிலரில் காரணம் பங்கசு, சிலரில் இழை வடிவப் பற்றீரியா. பற்றீரியாவாக இருந்தால் அன்ரிபயோட்டிக்கால் நன்றாக மாறும். பங்கசாக இருந்தால் மாதக்கணக்கில் இட்றகொனசோல் என்ற பங்கசு மருந்தும் அதனோடு சத்திரசிகிச்சையும் தேவைப்படும். கறுப்பு மணி என்றால் அநேகமாகப் பங்கசு. ஆகவே பஞ்சில் ஒட்டிய மணியைத் துடைத்து எறியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த ஒரு மணியை நசுக்கிப் பார்த்தே ஆய்வுகூடத்தில் பாதி விடை சொல்லிவிடலாம். காலில் பூக்கோவா போல வளரும் கரடுமுரடான பாலுண்ணித் திட்டுகளும் இப்படிக் குத்திய கறுப்புப் பங்கசால் வரலாம். சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுப்பது எளிது.

இதே வழியில்தான் கண்ணும் பாதிக்கப்படுகிறது. அரிவு வெட்டிலும் சூடடிப்பிலும் நெற்தாள் அல்லது பதர் கண்ணில் பட்டுக் கருவிழி உராய்ந்தால், பியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சணங்கள் அங்கே புண்ணை உண்டாக்கும். சில நாளில் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, கருவிழியில் இறகு விளிம்போடு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். தாய்ப்பால் விடுவதும் மூலிகைச் சாறு பிழிவதும் கிருமியைக் கூட்டும். வீட்டில் மிஞ்சியிருக்கும் ஸ்டீரொயிட் துளி மருந்தை விடுவது எல்லாவற்றிலும் மோசம். கருவிழி உருகித் துளைபட்டுப் போகலாம். இதற்கு நற்றமைசின் என்ற தனித் துளி மருந்து உண்டு. கண் நிபுணரிடம் அன்றே போக வேண்டிய நோய் இது, அடுத்த கிழமை அல்ல.

இனி, குளத்தோடு வாழும் நமக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பெருங்குளங்களும் ஊருக்கு ஊர் சிறு குளங்களும் உள்ள இந்த உலர்வலயத்தில், தேங்கிய நீரில் குளிப்பவர்கள் சிலருக்கு மூக்குக்குள் செந்நிறத்தில் சதை வளரும். தொட்டால் இரத்தம் கசியும். உற்றுப் பார்த்தால் மேற்பரப்பில் வெண்மையான நுண்புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வித்திகள் அடங்கிய ஒரு பை. றைனோஸ்போரிடியம் சீபெரி என்ற அந்த உயிரியை 1900 இல் ஆர்ஜென்டினாவில் சீபர் விவரித்தார். உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதோ இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான். நெடுங்காலம் பங்கசென்றே கற்பிக்கப்பட்ட இது, 1990களின் இறுதியில் செய்த மரபணு ஆய்வுகளால், மீன்களைத் தாக்கும் சில நீர்வாழ் ஒட்டுண்ணிகளுக்கு உறவான வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. ஆனாலும் பங்கசுப் பாடநூல்களில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது. செயற்கை ஊடகத்தில் அதை வளர்க்க முடியாது. வெட்டியெடுத்த சதையை நுணுக்குக்காட்டியில் பார்த்தே உறுதி செய்கிறோம். பங்கசு மருந்தால் மாறாது. அடியோடு வெட்டி, அடிப்பகுதியைச் சுட்டுவிடுவதே வைத்தியம். ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்ப வரும். கண்ணிமையின் உட்புறத்திலும் இது வரலாம், மாடுகளுக்கும் வரும். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ஒரு மூக்குத் துவாரம் மட்டும் அடைபட்டு இரத்தம் வடிந்தால், தடிமன் என்று மாதக்கணக்கில் ஆவி பிடித்துக்கொண்டிராமல் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள்.

உள்ளுறுப்புகளைத் தாக்கும் பங்கசுகள் சுகதேகிகளை அரிதாகவே தொடும். அஸ்பர்ஜில்லசின் வித்திகளை நாம் எல்லோரும் நாளாந்தம் மூச்சில் இழுக்கிறோம். பழைய காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்களில் அது பந்தாக வளர்ந்து இருமலில் இரத்தம் வரச் செய்யும், புற்றுநோய் மருந்தால் வெண்குருதிக் கலங்கள் குறைந்தவர்களில் உயிருக்கே உலை வைக்கும். புறாவின் எச்சத்தோடு தொடர்புடைய கிரிப்டோகொக்கஸ், எச்.ஐ.வி. முற்றியவர்களில் மூளைக்காய்ச்சலைத் தருகிறது. 2021 இல் இந்தியாவில் கொவிட்டோடு சேர்ந்து வந்த கறுப்புப் பூஞ்சைக்குக் கறுப்பு நிறம் இல்லை. அது இரத்தக்குழாய்க்குள் வளர்ந்து அடைப்பதால் செத்துப்போகும் தசைதான் கறுக்கிறது. கட்டுப்பாடற்ற சலரோகமும் ஸ்டீரொயிட்டும் அதற்கு வழி திறந்தன. நோய்த்தொற்றாக இல்லாமல் நஞ்சாக வரும் பங்கசும் உண்டு: சரியாகக் காயாத கச்சானிலும் கொப்பராவிலும் வளரும் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ், ஈரல் புற்றுநோயை உண்டாக்கவல்ல அபிளாடொக்சினைச் சுரக்கிறது. வறுத்தாலும் அந்த நஞ்சு முழுமையாக அழியாது. பூஞ்சணம் பிடித்த கச்சானைத் தெரிந்து எறிவதே வழி.

மருந்துகளின் பக்கம் வந்தால், ஏறத்தாழ எல்லாமே முன்பு சொன்ன அந்தச் சில வேறுபாடுகளைச் சுற்றியே நிற்கின்றன. 1950 இல் எலிசபெத் ஹேசன், றேச்சல் பிரவுண் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் அறிவித்த நிஸ்டற்றினும், பிறகு வந்த அம்போதெரிசினும் எர்கொஸ்திரோலைப் பற்றிக்கொண்டு மென்சவ்வில் துளையிடுகின்றன; குளோற்றிமசோல், இட்றகொனசோல் போன்ற அசோல் மருந்துகளும் டேர்பினபினும் எர்கொஸ்திரோல் உருவாகும் பாதையின் வெவ்வேறு படிகளை அடைக்கின்றன; கஸ்போபன்ஜின் குளுக்கன் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. நியூமோசிஸ்டிஸ் என்ற பங்கசின் மென்சவ்வில் எர்கொஸ்திரோல் இல்லாததால் அசோல்களுக்கு அது அசையாது. அதற்குக் கோட்றைமொக்சசோல் என்ற பற்றீரியா மருந்தே பயன்படுகிறது. இப்படி விதிவிலக்குகளும் உண்டு.

கடைசியாக, குளிசையைத் தாமாக வாங்கிக் குடிப்பது பற்றி. அசோல் வகையைச் சேர்ந்த புளூகொனசோல் நல்ல மருந்துதான். ஆனால் கிளிபென்கிளமைட்டு போன்ற சலரோகக் குளிசையோடு சேர்ந்தால் இரத்தச் சீனியை அபாயமாகக் குறைக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரினோடு சேர்ந்தால் இரத்தப்போக்கை உண்டாக்கும், கொலஸ்திரோலுக்கு எடுக்கும் சிம்வஸ்டற்றினோடு சேர்ந்தால் தசையைப் பாதிக்கும். கீற்றோகொனசோல் குளிசை ஈரலைக் கெடுப்பதால் ஐரோப்பாவில் 2013 இல் பங்கசுத் தொற்றுக்கு நிறுத்தப்பட்டது. கர்ப்பிணிகள் இவற்றில் எதையும் கேளாமல் தொடக் கூடாது. அப்பாவைத் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது அவருடைய கிளினிக் கொப்பியையும், வீட்டில் அவர் குடிக்கும் குளிசைகளின் அட்டைகளையும், பூசிய ரியூப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரின் மேசையில் வையுங்கள்.